கரான்ஸ்: சாய வேரிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுப் பெண் பெயர்

கரான்ஸ் என்ற பிரெஞ்சுப் பெண் பெயரைப் பெயர் அகராதிகளில் தேடினால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் கிடைக்கும்: சிவப்புப் பூ, ஜெர்மானிய மூலம், உணர்ச்சி மிகுந்தவள். முதலாவது தவறு. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது வெறும் சோதிடம். அரிதான பிரெஞ்சுப் பெயர்களைத் தேடுகிற யாரும் முதலில் இடறி விழுவது இங்கேதான். சொல் எப்போது பிறந்தது என்பது ஒரு கேள்வி. அந்தச் சொல்லை ஒரு பெண் குழந்தைக்கு எப்போது வைக்க ஆரம்பித்தார்கள் என்பது வேறொரு கேள்வி. கரான்ஸ் என்ற சொல்லுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது. பெயராக அது காதில் விழத் தொடங்கி ஏறக்குறைய எண்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். தேடும் இடங்களும் வேறு வேறு.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடலாம். ‘க’ இங்கே ‘கங்கை’யின் முதல் எழுத்துப் போல அழுத்தமாக ஒலிக்கும். ‘ர’ தொண்டையிலிருந்து வரும். ‘ன்’ தனி மெய்யாக ஒலிக்காது, முன்னுள்ள உயிரை மூக்கால் சொல்ல வேண்டும். கடைசி ‘ஸ்’ தெளிவாகக் கேட்கும்.

சொல்லின் கதைக்கு வருவோம். பிராங்க் என்ற பழைய ஜெர்மானிய மொழியிலிருந்த ஒரு சொல் இடைக்கால லத்தீனில் ‘வரன்தியா’ போன்ற வடிவங்களாகி, பழைய பிரெஞ்சில் ‘வரான்ஸ்’ என்றும் ‘கரான்ஸ்’ என்றும் வந்திருக்கிறது. ஜெர்மானியச் சொற்களின் முதல் ‘வ’ பிரெஞ்சில் ‘க’ ஆவது வழக்கமான மாற்றம். வில்ஹெல்ம் என்பது கியோம் ஆனதும் இப்படித்தான். பிக்கார்தி போன்ற வட பகுதிப் பேச்சுகளில் ‘வ’ அப்படியே தங்கியது. ஆகவே பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்கள் ‘வரான்ஸ்’ என்ற வடிவத்தையும் போட்டுத் தேடாவிட்டால் பாதி தவறிப்போகும். இந்தச் சொல் குறித்தது ஒரு செடியை. அதன் வேரிலிருந்து எடுத்த சாயத்தை. பிறகு அந்தச் சாயம் தந்த சிவப்பு நிறத்தை. இந்த ஆவணங்களில் அது ஒரு பெண்ணைக் குறிப்பதில்லை.

செடியின் தாவரப் பெயர் ரூபியா திங்க்தோரம். நம் மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. தண்டில் சிறு கொக்கி முட்கள் இருக்கும், கையில் பட்டால் சொரசொரக்கும். இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக நிற்கும். பூவோ வெளிர் மஞ்சள், கடுகளவுக்குச் சற்றுப் பெரியது, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிறம் முழுக்க மண்ணுக்குக் கீழே. நட்டு மூன்றாம் ஆண்டில் வேரைத் தோண்டி, காயவைத்து, இடித்துத் தூளாக்குவார்கள். ‘சிவப்புப் பூ’ என்று எழுதியிருக்கும் எந்தப் பெயர் அகராதியையும் அந்த ஒரு வரிக்காகவே சந்தேகிக்கலாம். செடியைப் பார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது அது.

அந்தச் சிவப்பு எப்படிப்பட்டது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. பெயரைச் சொன்னதும் பலர் மனத்தில் வருவது குங்குமச் சிவப்பு. உண்மையில் அது செங்கல் நிறத்தில் தொடங்கி ஆழ்ந்த மாதுளை நிறம் வரை போகும். துணியின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு படிகாரத்தில் முதலில் ஊறவைப்பார்கள். பிறகு துணியின் எடைக்குப் பாதியோ சமமோ வேர்த்தூள் சேர்த்து, 60 முதல் 70 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். சூடு அதைத் தாண்டினால் வேரிலுள்ள பழுப்பு நிறப் பொருள்களும் இறங்கிச் சிவப்பு மங்கிவிடும். சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீரில் நிறம் நன்றாகப் பிடிக்கும். மென்னீரில் சாயமிடுகிறவர்கள் கொஞ்சம் சுண்ணக்கட்டித் தூள் சேர்ப்பது இதனால்தான்.

இதே சிவப்புக்காக ஐரோப்பியர்கள் நம் கரையைத்தான் ஏக்கத்தோடு பார்த்தார்கள். கோரமண்டல் கரைத் துணிகளின் சிவப்பு, சாயவேர் என்றும் இம்பூறல் என்றும் சொல்லப்படும் சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. செடி வேறு; ஆனால் நிறம் தருவது கரான்ஸ் வேரிலும் உள்ள அலிசரின்தான். 1730களில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் துணிக்குச் சாயமிடுவதைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துக் குறிப்போடு பாரிசுக்குக் கொண்டுபோனார். 1742இல் இயேசு சபைக் குரு கூர்து எழுதிய கடிதமும் அதே விஷயம்தான்: கடுக்காய், எருமைப் பால், படிகாரம், சாயவேர். பிரான்சில் சாயவேர் விளையாது. ஆகவே அங்கே அச்சுத் துணி செய்தவர்கள் அந்த இடத்தில் கரான்ஸைப் போட்டார்கள். 1760இல் ஒபர்காம்ப் தொடங்கிய ழூய் துணிப் பட்டறையின் சிவப்பு அதுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ழான் அல்தேன் என்ற ஆர்மீனியர் அவிஞ்ஞோன் பக்கம் இந்தப் பயிரைப் பரப்பினார். வோக்ளூஸ் மாவட்டத்தில் அல்தேன்-தே-பலூ என்று ஓர் ஊரே அவர் பெயரில் இருக்கிறது. 1829இல் பிரெஞ்சுக் காலாட்படைக்குக் கரான்ஸ் நிறக் காற்சட்டை வந்தது. 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் வோக்ளூஸ் வயல்கள் காலியாயின. பிரெஞ்சுச் சிப்பாய் 1914இல் போருக்குப் புறப்பட்டபோதும் அதே சிவப்புக் காற்சட்டைதான். ஆனால் சாயம் ஜெர்மன் தொழிற்சாலை முறையில் வந்தது. தூரத்திலிருந்தே கண்ணில் படும் அந்த நிறத்தைச் சீக்கிரமே கைவிட்டு, 1915க்குள் வான நீலத்துக்கு மாறினார்கள்.

இவ்வளவு நீளமாகச் செடியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய பிரெஞ்சு நூல்களிலும் செய்தித்தாள்களிலும் ‘கரான்ஸ்’ என்று தேடினால் வந்து கொட்டுவதெல்லாம் பயிர், சாயம், காற்சட்டை. பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் மின்னூலகமான கலிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு மட்டும் தேடிப்பாருங்கள், வேளாண் அறிக்கைகளிலும் படை உடை விதிகளிலும் மூழ்கிப்போவீர்கள். சொல்லின் புழக்கத்தை ஆண்டுவாரியாக வரைந்து காட்டும் கருவிகளில் வரும் மேட்டைப் பார்த்து ‘1840களில் இந்தப் பெயர் பிரபலம்’ என்று எழுதுகிறவர்கள் பார்த்தது காற்சட்டையை. பெயராக வந்த இடங்களை மட்டும் பிரிக்க வேண்டுமானால், முன்னால் ‘மத்மொசேல்’, ‘மதாம்’, ‘சிறுமி’ போன்ற சொற்களைச் சேர்த்து மேற்கோள் குறிக்குள் தேட வேண்டும். அப்போதும் குடும்பப் பெயராக வருவதைக் கையால் கழிக்க வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. வாக்கியத் தொடக்கத்திலும் தலைப்பிலும் செடிக்கும் பெரிய எழுத்துதான்.

சரி, பெயர் எப்போது வந்தது?

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஒரு சிறு கதவு திறந்தது. 1793இல் வந்த குடியரசு நாட்காட்டியில் புனிதர்களின் பெயரை எடுத்துவிட்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செடி, விலங்கு, கருவி என்று வைத்தார்கள். பிரூமேர் மாதம் 23ஆம் நாள் கரான்ஸ். நம் கணக்கில் நவம்பர் 13. அதன்பின் 1803 ஏப்ரல் 1 அன்று வந்த சட்டம், குழந்தைக்கு வைக்கும் பெயர் ‘பல்வேறு நாட்காட்டிகளில் வழங்கும் பெயராக’ அல்லது பழைய வரலாற்றில் அறியப்பட்டவர் பெயராக இருக்க வேண்டும் என்றது. குடியரசு நாட்காட்டி அப்போதும் நடப்பில்தான் இருந்தது; 1806 சனவரி 1 முதல்தான் ஒழிந்தது. வாதம் பண்ணினால் கரான்ஸ் அன்றே சட்டப்படி செல்லும் பெயர். ஆனால் வாதம் பண்ணக்கூடிய இடமும் மக்கள் வைத்த பெயரும் ஒன்றல்ல. நாட்காட்டியில் இருந்தது என்பதைப் பிடித்துக்கொண்டு ‘புரட்சிக் காலப் பெயர்’ என்று எழுதுவது அவசரம். அதே நாட்காட்டியில் முள்ளங்கியும் கலப்பையும்கூட இருக்கின்றன.

கரான்ஸ் என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்களின் காதில் பெயராக விழுந்தது 1945 மார்ச்சில். மார்செல் கார்னே இயக்கி, ழாக் பிரெவெர் எழுதிய ‘லே சான்ஃபான் து பரதீ’ திரைப்படத்தில் ஆர்லெத்தி நடித்த நாயகியின் பெயர் அது. கதைப்படி அதுகூட அவள் சொந்தப் பெயர் கிடையாது, கிளேர் ரேன் என்பவளை மற்றவர்கள் அழைக்கும் பெயர். செடியைப் பூவாக்கிப் பார்க்கும் பழக்கமும் இந்தப் படத்திலிருந்து பரவியிருக்கலாம். ஜெர்மன் அதிகாரி ஒருவரோடு உறவு வைத்திருந்ததற்காகத் தண்டனைக்கு ஆளாகியிருந்த ஆர்லெத்தி, படத்தின் முதல் திரையிடலுக்கே வர முடியவில்லை.

இங்கே இன்னொரு அவசர முடிவு காத்திருக்கிறது: ‘படம் வந்தது, உடனே பெயர் பரவியது’. பரவவில்லை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிறந்த பெண்களில் கரான்ஸ்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வளைகோடு பல பத்தாண்டுகள் தரையோடு ஒட்டிக் கிடந்து, 1980களையொட்டி மெல்ல நிமிர்கிறது, 2000க்குப் பிறகுதான் நன்றாக ஏறுகிறது. ஏன் இந்தத் தாமதம்? 1945இல் குழந்தை பெற்றவர்கள் சட்டத்துக்கும் உறவினருக்கும் ஞானத்தாய்க்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெயரைத் துணிந்து வைத்தவர்கள், படத்தைத் திரைப்படச் சங்கங்களிலும் தொலைக்காட்சியிலும் பார்த்து வளர்ந்த அடுத்த தலைமுறை. கூடவே ஒலியும் சாதகம். கான்ஸ்தான்ஸ், க்ளெமான்ஸ், ஃப்ளொரான்ஸ் என்று பழகிய காதுக்கு இது புதுப் பெயராகவே படாது. அரிதாக இருக்க வேண்டும், ஆனால் விநோதமாக இருக்கக் கூடாது என்று விரும்பும் பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைப்பது கடினம்.

சட்டமும் இடையில் தளர்ந்தது. 1966 ஏப்ரலில் வந்த அமைச்சக அறிவுறுத்தல் ஒலீவ், வியோலெத் போல ஒரு பொருளைக் குறிக்கும் சொற்களையும் பெயராக ஏற்கச் சொன்னது. 1993 சனவரி 8 சட்டம் பட்டியலையே தூக்கிவிட்டது. அதனால் 1993க்குப் பின் வந்த எல்லா ஏற்றத்தையும் சட்டத்தின் கணக்கில் எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. கரான்ஸ் விஷயத்தில் ஏற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சட்டம் தடையை எடுத்தது, ஆசையை உண்டாக்கவில்லை.

இனி எண்ணிக்கை. பிரான்சில் ஒரு பெயர் எவ்வளவு அரிது என்று பார்க்க நம்பத் தகுந்த மூலம், தேசியப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே இலவசமாகத் தரும் பெயர்க் கோப்பு. 1900 முதல் பிரான்சில் பிறந்தவர்களின் முதல் பெயர், பால், பிறந்த ஆண்டு, எண்ணிக்கை அதில் இருக்கும். மாவட்டவாரியான கோப்பு தனி. பெயர்த் தளங்களில் பார்க்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து எடுத்தவையே. அவற்றை விட்டுவிட்டு மூலக் கோப்பையே இறக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் அரிய பெயர்களுக்கென்று அதில் சில விதிகள் இருக்கின்றன. தளங்கள் அவற்றைச் சொல்வதில்லை.

முதல் விதி: 1900 முதல் 1945 வரையிலோ, 1946க்குப் பின்னோ, ஒரு பாலினத்தில் மொத்தம் 20 முறையாவது பதிவான பெயர்தான் கோப்பில் தன் பெயரோடு வரும். அதற்குக் கீழே உள்ள அத்தனையும் ‘அரிய பெயர்கள்’ என்ற ஒரே வரியில் கொட்டிக் கிடக்கும். இரண்டாவது: பெயர் தகுதி பெற்றிருந்தாலும், ஓர் ஆண்டில் மூன்று பேருக்காவது வைத்திருந்தால்தான் அந்த ஆண்டுக்கு வரி உண்டு. ஒன்று, இரண்டு என்று வந்த ஆண்டுகளை எல்லாம் கூட்டி, ஆண்டு இருக்க வேண்டிய கட்டத்தில் நான்கு எக்ஸ் எழுத்துகளைப் போட்டு ஒரே வரியாகத் தந்துவிடுவார்கள். கரான்ஸ் போன்ற பெயருக்கு இந்த எக்ஸ் வரி மிக முக்கியம், ஏனென்றால் பெயரின் குழந்தைப் பருவமே அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஆண்டுக் கட்டத்தை எண்ணாக மாற்றும்போது மென்பொருள் அந்த வரியை ஓசைப்படாமல் தள்ளிவிடும். பிறகு ‘இந்த ஆண்டில்தான் முதல் கரான்ஸ் பிறந்தாள்’ என்று ஒரு தவறான வாக்கியம் பிறக்கும். கோப்பில் முதல் வரி உள்ள ஆண்டு, முதன்முதலாக மூன்று பேர் சேர்ந்த ஆண்டு மட்டுமே.

மூன்றாவது விஷயம், 1946க்கு முந்தைய எண்கள் முழுமையானவை அல்ல. கோப்புக்கு ஆதாரமான தேசியப் பதிவேடு அந்தச் சமயத்தில்தான் உருவானது. அதற்கு முன்பே இறந்துவிட்டவர்கள் பலர் அதில் ஏறவில்லை. 1900ஐயும் 1950ஐயும் தலைக்குத் தலை ஒப்பிட்டால் பழைய பெயர்கள் எல்லாம் உண்மையைவிட மெலிந்து தெரியும். கரான்ஸுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. சிதொனி போன்ற, பாட்டிகளோடு போன பெயரைத் தேடுகிறவர்கள் இதை மறந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

எண்ணிக்கையை அப்படியே வரைவதைவிட விகிதமாக வரைய வேண்டும். 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் ஆண்டுக்கு எட்டரை லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன, 2023இல் 6,78,000. எண்ணிக்கை குறைந்தாலும் பெயர் உண்மையில் ஏறியிருக்கலாம். செய்முறை எளிது: அந்த ஆண்டின் எல்லாப் பெண் பெயர்களின் கூட்டுத்தொகையை, ‘அரிய பெயர்கள்’ வரியையும் சேர்த்து, கீழே போடுங்கள். கரான்ஸ் எண்ணிக்கையை மேலே போட்டு ஆயிரத்தால் பெருக்குங்கள். 3,70,000 பெண் குழந்தைகளில் 370 பேர் என்றால் ஆயிரத்துக்கு ஒன்று. கரான்ஸ் அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சில நூறு என்ற அளவில் வைக்கப்படுகிற பெயர். எனவே இந்த ‘ஆயிரத்துக்கு ஒன்று’ என்ற அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே போதும். கூட்டுத்தொகையில் ‘அரிய பெயர்கள்’ வரியை விட்டுவிட்டால் அண்மை ஆண்டுகளின் விகிதம் வீங்கிப்போகும், ஏனென்றால் பெற்றோர் தனித்துவத்தைத் தேடத் தேட அந்த வரிதான் பெருத்துக்கொண்டே வருகிறது. எண்ணிக்கை பத்துக்குக் கீழே உள்ள காலத்துக்கு ஐந்தாண்டு சராசரியைப் போடுங்கள். நான்கு ஏழாவதைப் பார்த்து ‘முக்கால் மடங்கு வளர்ச்சி’ என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

மாவட்டக் கோப்பில் இன்னும் கவனம் தேவை. அங்கும் மூன்று பேர் விதி உண்டு. லோசேர், க்ரேஸ் போன்ற ஆள் குறைந்த மாவட்டங்களில் அரிய பெயர் எந்த ஆண்டிலும் மூன்றைத் தொடாமல் போகலாம். வெற்றிடம் என்றால் பூச்சியம் என்று பொருள் இல்லை. தலைநகர் வரைபடத்தில் எப்போதும் அடர்த்தியாகத் தெரிவதற்கு ஒரு பாதிக் காரணம் அங்கே பிறப்பு அதிகம் என்பது. அதையும் விகிதமாக்கினால்தான் பெயர் உண்மையிலேயே நகரத்துப் பெயரா என்று தெரியும். இன்னொரு சிக்கல்: குழந்தை பிறந்த மாவட்டம் பிரசவ மருத்துவமனை இருக்கும் இடம், வீடு வேறு மாவட்டத்தில் இருக்கலாம்.

யார் வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்தக் கோப்பு பதில் தராது. அதில் பெற்றோரின் தொழில் இல்லை. பெயர்கள் படித்த மேல்தட்டில் தொடங்கி மெல்லக் கீழிறங்கும் பாங்கைப் பிலிப் பெனார், கி தெப்லாங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களில் காட்டினார்கள். பிற்காலத்தில் பாதிஸ்த் குல்மோன் என்ற சமூகவியலாளர் பள்ளி இறுதித் தேர்வு முடிவுகளைப் பெயர்வாரியாக அடுக்கி, எந்தப் பெயர் எந்தச் சூழலிலிருந்து வருகிறது என்று ஆண்டுதோறும் காட்டிவந்தார். கரான்ஸ் புத்தக அலமாரி உள்ள வீட்டுப் பெயர் என்று பிரெஞ்சுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1998இல் பிறந்த நடிகை கரான்ஸ் மரில்யே போன்றவர்கள் வந்தபின் இளைய தலைமுறைக்குப் பெயர் பழைய படத்திலிருந்து கொஞ்சம் விடுபட்டிருக்கிறது.

1900க்கு முன்னே போக நினைப்பவர்களுக்கு: மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பிறப்புப் பதிவுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. 75 ஆண்டு கடந்த பதிவுகளை யாரும் பார்க்கலாம். பத்தாண்டுப் பட்டியல் என்று ஒன்று உண்டு, 1813 முதல் 1822 வரை, 1823 முதல் 1832 வரை என்று போகும். ஆனால் அது குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும். நீங்கள் தேடுவது முதல் பெயர். ஆகவே ஓர் ஊரின் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கண்ணால் மேய்வதைத் தவிர வழியில்லை. குறுக்கு வழியாக வம்சாவளித் தளங்களில் முதல் பெயரை மட்டும் போட்டுத் தேடலாம். வரும் முடிவுகளில் ஒவ்வொன்றையும் மூலப் பதிவின் படத்தோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள். பழைய கையெழுத்தில் ‘க்ளெமான்ஸ்’ என்பதன் தலையெழுத்து தேய்ந்திருந்தால் அவசரக்காரர் கண்ணுக்கு எதுவாகவும் தெரியும்.

கடைசியாக, பிரான்சில் இருக்கும் நம்மவர்களில் சிலர் குழந்தைக்கு இப்படி ஒரு பெயர் வைக்க யோசிப்பதுண்டு. பிறந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் ஐந்து நாளுக்குள், குழந்தை பிறந்த ஊரின் மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிய வேண்டும். குடியிருக்கும் ஊரின் மெரியில் அல்ல. மருத்துவமனை தந்த பிரசவச் சான்றும் பெற்றோரின் அடையாள அட்டையும் குடும்பக் கையேடு இருந்தால் அதுவும் வேண்டும். ‘மெரியில் பெயரை மறுத்துவிடுவார்களோ’ என்ற பயம் தேவையில்லை, மறுக்கும் அதிகாரம் அந்த அலுவலருக்கு இல்லை. அவர் பதிந்துதான் ஆக வேண்டும். குழந்தைக்குக் கெடுதல் என்று அவருக்குப் பட்டால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார். அவர் விரும்பினால் குடும்ப நீதிபதியிடம் கொண்டுபோவார். முடிவு நீதிபதி கையில்.

செடிப் பெயர் என்றால் எல்லாம் ஒன்று என்றும் நினைத்துவிடக் கூடாது. வட பிரான்சில் ஒரு தம்பதி மகளுக்கு ஸ்ட்ராபெரியைக் குறிக்கும் ‘ஃப்ரேஸ்’ என்று வைக்கப்போய், கேலிக்கு இடமாகும் என்று வலான்சியேன் நீதிமன்றம் ஏற்கவில்லை. பழைய பெயரான ஃப்ரேசின் என்பதை வைத்துக்கொண்டார்கள். பேச்சுவழக்கில் அந்தப் பழத்தின் பெயருக்கு ‘மூக்கை நுழைப்பது’ போன்ற கிண்டல் பொருள் இருப்பதுதான் வினை. கரான்ஸுக்கு அப்படி ஒரு கொச்சைப் பொருள் கிடையாது. இந்தச் சோதனையைப் பிரெஞ்சு தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் செய்துவிடுவது எந்த அகராதியையும்விட விரைவானது. உச்சரிப்புக் குறிகள் எதுவும் இல்லாத பெயர் என்பதால் கணினியில் தொல்லையும் இல்லை. புனிதர் யாரும் இந்தப் பெயரில் இல்லை; பெயர் நாள் கொண்டாட விரும்பும் குடும்பங்கள் பூப் பெயர்களுக்கெல்லாம் பொதுவாகிவிட்ட அக்டோபர் 5ஐ, புனித ஃப்ளேர் நாளை, எடுத்துக்கொள்கிறார்கள்.

பாட்டி பெயரையும் சேர்க்க நினைத்தால் நடுவில் என்ன குறி போடுகிறீர்கள் என்று பாருங்கள். ‘கரான்ஸ், மீனாட்சி’ என்று காற்புள்ளி போட்டால் இரண்டு தனிப் பெயர்கள். பதிவில் உள்ள எதையும் அன்றாடப் பெயராக வைத்துக்கொள்ள உரிமை உண்டு, எனவே வீட்டில் மீனாட்சியாகவும் பள்ளியில் கரான்ஸாகவும் இருக்கலாம். இணைப்புக்கோடு போட்டால் இரண்டும் ஒரே பெயராகிவிடும், பின்னர் எல்லா அட்டையிலும் முழுதாக எழுத வேண்டிவரும். அலுவலர் தட்டச்சு செய்து நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுமுன் எழுத்துகளைப் போலவே காற்புள்ளியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு திருத்துவதற்குத் தனி மனு, தனிக் காத்திருப்பு.